பேசி வைத்த பிடி: நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க மல்யுத்தம் நிஜமா, நாடகமா?

டிவி மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறை நாங்கள். வாய்ப்பாட்டை விட ஹல்க் ஹோகனின் எடையும் அண்டர்டேக்கரின் உயரமும் எங்களுக்கு நன்றாக மனப்பாடம். ஒரு கோடை விடுமுறையில் பெரியம்மா மகன், "டேய், இதெல்லாம் செட்டப்புடா. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுத்தான் அடிச்சுக்கிறாங்க" என்று சொன்னான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திண்ணையில் இருந்த தாத்தாதான் சமாதானம் செய்தார். "இப்ப நடக்கிறதுதாண்டா நாடகம். அந்தக் காலத்துல எல்லாம் நிஜ குஸ்தி."

இன்றைக்கும் பேச்சு இந்த இரண்டு கட்சியாகத்தான் பிரிகிறது. ஒரு கட்சி, அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தமான வீரம், டிவி வந்த பிறகுதான் கெட்டது என்கிறது. இன்னொன்று, தொடங்கிய நாளிலிருந்தே எல்லாம் ஏமாற்று என்கிறது. 1900 முதல் 1928 வரை அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் பாதிதான் தெரியும் என்பது புரியும். அந்தக் காலத்து மல்யுத்தத்தில் ஒப்பந்தமும் இருந்தது, உண்மையான பலமும் இருந்தது. ஒன்று இல்லாமல் இன்னொன்று ஒரு நாள் கூட ஓடியிருக்காது. அது எப்படி என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப் போகிறேன்.

கூத்து, மூணு சீட்டு, கைப்பந்து

நமக்குத் தெரிந்த மூன்று ஆட்டங்களிலிருந்து தொடங்கலாம்.

முதலாவது, தெருக்கூத்து. படுகளத்தன்று துரியோதனன் சாகப் போகிறான் என்பது ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. பார்க்கிறவனுக்கும் ஆடுகிறவனுக்கும் ஒரே விஷயம் தெரியும்.

இரண்டாவது, பேருந்து நிலைய ஓரத்து மூணு சீட்டு. உங்கள் கண் முன்னாலேயே ஒருவன் நூறு ரூபாய் வைத்து இருநூறு வாங்கிப் போவான். அவன் சீட்டுக்காரனின் ஆள். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு மிகவும் நெருக்கம். கிராமத்துக் கைப்பந்துப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகள், "முதல் பரிசையும் இரண்டாம் பரிசையும் சேர்த்துப் பாதிப் பாதி பிரிச்சுக்கலாம்" என்று பேசிக்கொள்வது உண்டு. அப்புறம் களத்தில் இறங்கி ஆடுவார்கள். கூட்டத்துக்கு விறுவிறுப்பாக இருக்கும்படி மூன்றாவது செட் வரை இழுப்பார்கள். அந்த ஆட்டக்காரர்கள் போலிகளா? இல்லை. இறுதி ஆட்டம் வரை வந்த நிஜமான ஆட்டக்காரர்கள். அடிக்கிற அடியும் நிஜம். யாருக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் முன்பே முடிவாகிவிட்டது.

அன்றைய மல்யுத்தத்தில் இந்த மூன்றும் கலந்திருந்தன. எந்த ஆட்டத்தில் எது எவ்வளவு என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது.

கூடாரத்தில் பிறந்த தொழில்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சிற்றூர்களில் பொருட்காட்சிகள் ஊர் ஊராகச் சுற்றிவரும். ராட்டினம், வித்தைக்காரர், அவற்றோடு ஒரு மல்யுத்தக் கூடாரம். வாசலில் ஒரு மேடை போட்டு, அதில் பயில்வானை நிறுத்தி, "இவரோடு பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் பணம்" என்று அறிவிப்பார்கள். உள்ளூர் இளவட்டங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். முதலில் ஏறுகிறவன் பெரும்பாலும் கூடாரத்தின் ஆள்தான். கொஞ்சம் திணறடித்துக் காட்டி, "அட, நம்மாலும் முடியும் போலிருக்கே" என்ற ஆசையைக் கிளப்பிவிடுவது அவன் வேலை. அதற்குப் பிறகு ஏறுகிற பண்ணைக்காரப் பையன் மட்டும் நிஜம்.

அந்த நிஜப் பையனால் கூடாரத்துக்குப் பண நஷ்டம் வரக்கூடாது. அதனால் பயில்வானுக்கு உண்மையான வித்தை தெரிந்தே ஆக வேண்டும். அந்த வித்தை இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலிருந்து வந்தது. எங்கு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற முறை. இடுப்புக்கு மேல் மட்டும் பிடிக்கும் கிரேக்க–ரோமானிய முறையைப் போல் அல்லாமல், கால், முழங்கால், கணுக்கால் எல்லாமே இதில் பிடிக்குள் வரும். எதிராளியின் இரண்டு தோளும் தரையில் படும்படி மல்லாத்தினால் ஒரு "ஃபால்". வலி தாங்காமல் அவனே விட்டுக்கொடுத்தாலும் ஒரு ஃபால். பெரிய ஆட்டங்களில் மூன்றில் இரண்டு ஃபால் எடுத்தவர் வென்றவர்.

இதில் தேர்ந்தவர்களிடம் இன்னும் ஒரு அடுக்கு இருந்தது. மூட்டைச் சிக்கவைத்துத் திருகும் பிடிகளை "ஹூக்" என்பார்கள், அதாவது கொக்கி. கொக்கி மாட்டிவிட்டால் எதிராளி பணிய வேண்டும், இல்லையென்றால் மூட்டு போகும்.

ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த மார்ட்டின் பர்ன்ஸ் இதில் பெரிய வாத்தியார். "ஃபார்மர் பர்ன்ஸ்", அதாவது விவசாயி பர்ன்ஸ், என்றே ஊர் கூப்பிட்டது. எடை சுமார் 75 கிலோதான். கழுத்து மட்டும் மரத்தூண் மாதிரி. கழுத்தில் தூக்குக் கயிறு மாட்டிக்கொண்டு ஆறடி உயரத்திலிருந்து விழுந்து, தொங்கிக்கொண்டே சீட்டியடிப்பது அவருடைய பொருட்காட்சி வித்தை. அந்தக் கழுத்தை நினைத்துப் பார்த்தாலே எனக்குச் சிலிர்க்கும். வேடிக்கை காட்டுவதற்குக் கூட எத்தனை வருட உடற்பயிற்சி தேவைப்பட்டிருக்கிறது!

இந்தத் தொழிலில் புழங்கிய இரண்டு சொற்களை இப்போதே தெரிந்துகொள்வோம். முடிவை முன்பே பேசி வைத்து ஆடும் ஆட்டம் "வொர்க்". பேச்சு எதுவும் இல்லாமல் நிஜமாக மோதுவது "ஷூட்". இனி இந்த இரண்டு சொற்களையே பயன்படுத்துகிறேன்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கூடாரத்தில் நாடகமும் இருந்தது, நிஜ வித்தையும் இருந்தது. கூட்டத்தைச் சேர்க்க நாடகம், கல்லாப்பெட்டியைக் காக்க வித்தை.

நிஜச் சண்டையில் என்ன தொல்லை?

நிஜமாகவே மோத வேண்டியதுதானே, எதற்குப் பேசி வைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1910இல் லண்டனில் நடந்த ஒரு ஆட்டம் இதற்கு நல்ல பதில்.

நம் நாட்டிலிருந்து போன காமா பயில்வான் அப்போது அங்கே இருந்தார். அமெரிக்கரான டாக்டர் ரோலரை ஆகஸ்டில் சுலபமாக வீழ்த்தியிருந்தார். செப்டம்பர் 10 அன்று போலந்துக்காரரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவோடு மோதல். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஸ்பிஷ்கோவுக்கு நிலைமை புரிந்துவிட்டது. தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவ்வளவு கனமான உடம்பு கையையும் காலையும் பரப்பிப் படுத்துவிட்டால் யாராலும் புரட்ட முடியாது. காமா இழுக்கிறார், நெம்புகிறார், சுற்றிச் சுற்றி வருகிறார். இப்படியே சுமார் இரண்டரை மணி நேரம்! கடைசியில் வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஷ்கோ வரவே இல்லை. சாம்பியனுக்கான பெல்ட் காமாவுக்குப் போனது.

காமாவின் பெருமைக்கு இதில் குறைவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கிய மனிதரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். இரண்டரை மணி நேரம் ஒருவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்.

இதை விடவும் ஒன்று 1916 ஜூலை 4 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் நடந்தது. ஒரு பக்கம் ஜோ ஸ்டெக்கர். அந்த மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளை. காலால் போடும் கிடுக்கிப்பிடிக்குப் பேர்போனவர். தானிய மூட்டையைத் தொடைகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பயிற்சி எடுப்பார் என்று ஊரெல்லாம் கதை. இன்னொரு பக்கம் எட் லூயிஸ். அவருக்கு "ஸ்ட்ராங்லர்", அதாவது கழுத்தை நெரிப்பவர், என்று பட்டப்பெயர். ஸ்டெக்கரின் கால்களுக்குள் சிக்காமல் இருப்பது மட்டும்தான் லூயிஸின் திட்டம். விலகினார், நழுவினார், மறுபடி விலகினார். சாயங்காலம் தொடங்கிய ஆட்டம் இருட்டும் வரை, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் போனது. முடிவு, டிரா. கூட்டம் கொதித்துப் போனது.

ஷூட்டில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்களாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் கதி. யாரும் வாய்ப்புக் கொடுக்க மாட்டார்கள், அதனால் பார்ப்பதற்கும் ஒன்றும் இருக்காது. ஒருவருக்கு மூட்டு போனால் அடுத்த மூன்று மாத நிகழ்ச்சிகள் ரத்து. கூட்டம் கொண்டாடும் சாம்பியன் ஏதோ ஒரு ஊரில், பெயர் தெரியாத ஒருவரிடம், வயிற்றுக் கோளாறு இருந்த ஒரு நாளில் தோற்றுவிட்டால் அவரை நம்பிப் போட்ட முதல் முழுக்கப் போச்சு. வீரர்களும் நடத்துபவர்களும் வொர்க் பக்கம் சாய்ந்ததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. மாதம் பத்து ஊர் போய்ப் பிழைக்க வேண்டிய தொழிலில் வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

பந்தயம் கட்டியவர்களின் கதை

வொர்க் என்றாலே பார்வையாளரை ஏமாற்றுவதுதானே என்று நினைப்போம். மூணு சீட்டு வகையிலான நிஜமான மோசடியும் அதே காலத்தில் தனியாக நடந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஐயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸ் நகரத்தை மையமாக வைத்து ஜான் மேப்ரே என்பவர் ஒரு கும்பல் நடத்தினார். அவர்கள் பணக்கார வியாபாரிகளைத் தேடிப் போவார்கள். "சில கோடீஸ்வரர்கள் தங்கள் சொந்தப் பயில்வானோடு சுற்றுகிறார்கள். அவர்களுடைய காரியதரிசிக்கு முதலாளிகள் மேல் கோபம். பயில்வானைத் தோற்கச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். எதிர்ப்பக்கம் பணம் கட்ட நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும்" என்பார்கள். கவனியுங்கள், அந்த வியாபாரிக்கு இது வொர்க் என்று தெரியும். தானும் அதில் பங்காளி என்றுதான் நினைக்கிறார்! பணத்தோடு வருவார். ஆட்டம் அவர் எதிர்பார்த்தபடியே போய்க்கொண்டிருக்கும்போது அவருடைய ஆள் திடீரென்று சுருண்டு விழுந்து வாயிலிருந்து ரத்தம் கக்குவான். செத்துவிட்டான் என்று கூச்சல் கிளம்பும். சட்டவிரோதமான சண்டை, இப்போது கொலை வழக்கு வேறு. வியாபாரி பணத்தை விட்டுவிட்டு ரயில் ஏறி ஓடுவார். வாயில் ஒளித்து வைத்திருந்த ரத்தப் பையைத் துப்பிவிட்டு அந்தப் பயில்வான் எழுந்து முகம் கழுவுவான்.

ஏமாந்தவர்கள் புகார் கொடுக்க முடியாது, கொடுத்தால் தாங்களும் மோசடிக்கு வந்தவர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் இது பல வருடம் ஓடியது. 1909இல் மேப்ரே பிடிபட்டார். அவர் வைத்திருந்த கடிதக் கட்டுகளே சாட்சியாகின. தபால் வழியாக மோசடிக்குச் சதி செய்தார் என்று 1910இல் கூட்டாளிகள் பலரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்.

இந்த உலகத்தின் வாசனை பெரிய வீரர்கள் மேலும் பட்டிருந்தது. பர்ன்ஸின் சீடர் ஃபிராங்க் காட்ச் 1901இல் தங்கம் தேடி ஜனங்கள் குவிந்திருந்த கனடாவின் குளோண்டைக் பகுதிக்குப் போய், "ஃபிராங்க் கென்னடி" என்ற பொய்ப் பெயரில் மல்யுத்தம் செய்தார். யாரென்று தெரியாத ஆளுக்கு எதிராகத்தானே உள்ளூர்க்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள்? இதே காட்ச்தான் ஏழு வருடத்தில் உலக சாம்பியன் ஆனார்.

சிகாகோவில் இரண்டு நாட்கள்

1908 ஏப்ரல் 3. சிகாகோ. ஃபிராங்க் காட்சுக்கு எதிரே ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட். ரஷ்யப் பேரரசில், இன்றைய எஸ்டோனியாவில் பிறந்தவர். "ரஷ்யச் சிங்கம்" என்று ஐரோப்பா கொண்டாடிய பலசாலி. பழைய படங்களில் அவர் தோள்களைப் பார்த்தால் சிற்பி செதுக்கியது போலிருக்கும். ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போனது. பெரும்பகுதி நின்றபடியே தள்ளுமுள்ளு. களைத்துப்போன ஹாக்கன்ஷ்மிட், டிரா என்று முடித்துக்கொள்ளலாமா என்று கேட்க, காட்ச் மறுத்துவிட்டார். ஹாக்கன்ஷ்மிட் விட்டுக்கொடுத்தார். காட்ச் உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார், முறைகேடாகக் குத்தினார் என்று பிற்பாடு புகார் சொன்னார்.

மறு ஆட்டம் 1911 செப்டம்பர் 4 அன்று, அதே சிகாகோவில், புதிதாகக் கட்டிய பேஸ்பால் மைதானத்தில். கிட்டத்தட்ட 30,000 பேர் வந்தார்கள். அனுமதிச் சீட்டு வசூல் சுமார் 87,000 டாலர். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. ஆனால் பயிற்சியின்போதே ஹாக்கன்ஷ்மிட்டின் முழங்கால் அடிபட்டிருந்தது. சரி, ஒத்திவைக்கலாமே? அத்தனை பேருக்கு டிக்கெட் விற்ற பிறகு எப்படி ஒத்திவைப்பது? இரண்டு ஃபாலும் சேர்த்து சுமார் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அடிபட்ட காலோடு ஒரு மனிதரை அத்தனை கூட்டத்துக்கு நடுவே நிறுத்தியது எனக்கு இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் முடிவைத் தீர்மானித்தவர்கள் இரண்டு வீரர்கள். இரண்டாவதில் களத்துக்கு வெளியே இருந்த ஒருவருடைய கணக்கும் சேர்ந்துகொண்டது. அந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர் ஜாக் கர்லி.

புரமோட்டர்: விநியோகஸ்தர் மாதிரி ஒருவர்

"புரமோட்டர்" என்றால் ஆட்டத்தை ஏற்பாடு செய்து, அரங்கம் பிடித்து, விளம்பரம் கொடுத்து, டிக்கெட் விற்று, எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பவர். தமிழ் சினிமாவை வைத்து யோசித்தால் சுலபமாகப் புரியும். கோவை ஏரியா ஒருவர், மதுரை ஏரியா ஒருவர் என்று விநியோகஸ்தர்கள் இருப்பார்கள். படம் எல்லாருக்கும் பொது, ஏரியா மட்டும் அவரவருக்கு. அன்றைய அமெரிக்காவிலும் அப்படித்தான். நியூயார்க்கில் கர்லி, செயின்ட் லூயிஸில் டாம் பேக்ஸ், இன்னும் ஊருக்கு ஒருவர். ஏரியா ஏரியாவாகப் போகும் படப்பெட்டிதான் சாம்பியன். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் விலை.

நல்ல புரமோட்டருக்குக் கூட்டத்தின் மனசு தெரியும். 1915 கடைசியில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆப்பரா ஹவுஸில் ஒரு சர்வதேச மல்யுத்தப் போட்டி நடந்தது. நடத்தியவர் சாமுவேல் ராக்மன். கூட்டம் சேரவில்லை. திடீரென்று ஒரு ராத்திரி, பார்வையாளர்களுக்கு நடுவே தலை முழுக்க முகமூடி போட்ட ஒரு தடித்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். கூட வந்தவர் எழுந்து, "இந்தப் போட்டியில் இருக்கும் எல்லாரையும் இவர் ஜெயிப்பார். பயந்துகொண்டு சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்!" என்று சத்தம் போடுகிறார். காவலாளிகள் வந்து இருவரையும் வெளியே தள்ளுகிறார்கள். மறுநாளும் வருகிறார்கள், மறுபடியும் தள்ளுகிறார்கள். பத்திரிகைகள் எழுதின. "அவரை விடுங்கள்" என்று கூட்டம் கூவியது. கடைசியில் "வேறு வழியில்லாமல்" முகமூடிக்காரரைச் சேர்த்துக்கொண்டார்கள். அரங்கம் நிரம்பியது. முகமூடிக்குள் இருந்தவர் மார்ட் ஹென்டர்சன். சொந்த முகத்தோடு வருடக்கணக்கில் மல்யுத்தம் செய்து, பெரிதாகப் பெயர் வாங்காதவர்.

அமெரிக்க மல்யுத்தத்தில் முகமூடி வீரர்கள் பேர் வாங்கியது இப்படித்தான்.

கொஞ்சம் நின்று பார்ப்போம். ஷூட் கூட்டத்தைச் சலிக்க வைத்தது, வீரரை முடமாக்கியது. வொர்க் தொழிலைக் காப்பாற்றியது. வொர்க்கை நடத்தத் தெரிந்த புரமோட்டர் கைக்கு அதிகாரம் போனது. சரி, இதற்கு மேல்தான் முக்கியமான கேள்வி வருகிறது.

ஒப்பந்தத்தை யார் காப்பாற்றுவது?

கைப்பந்து உதாரணத்துக்குத் திரும்புவோம். பாதிப் பாதி என்று பேசிக்கொண்ட பிறகு ஓர் அணி ஆட்டத்தை ஜெயித்து, கோப்பையையும் பணத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? போலீஸில் புகார் கொடுக்க முடியுமா?

மல்யுத்தத்திலும் அதே சிக்கல். "நீ தோற்க வேண்டும்" என்பது எழுதிக் கையெழுத்துப் போட முடியாத ஒப்பந்தம். அரங்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிராளி திடீரென்று மனசு மாறி நிஜமாகவே மல்லாத்திவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நடுவர் ஃபால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இப்படி வொர்க்கில் வாக்கு மீறி ஷூட் செய்வதை "டபுள் கிராஸ்" என்பார்கள்.

ஆகவே சாம்பியன் பதவியை நிஜ வித்தை தெரிந்தவரிடம்தான் கொடுத்து வைக்க வேண்டியிருந்தது. எதிராளி வாலாட்டினால் ஒரு கொக்கி மாட்டி, "பேசினதை மறந்துடாதே" என்று காதோடு சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். பெட்டகத்துக்குப் பூட்டு மாதிரி, ஒப்பந்தத்துக்கு அவருடைய பலம். நூறு வருடத்துக்கு முந்தைய மல்யுத்தத்தில் நான் மிகவும் மதிக்கிற இடம் இதுதான். முடிவு நாடகமாக இருக்கலாம். அந்த நாடகம் குலையாமல் நடக்க, நிஜமாகவே ஜெயிக்கக்கூடிய ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

எட் லூயிஸ் அப்படிப்பட்டவர். நடுவில் பிளந்து ஸ்பிரிங் வைத்த ஒரு மரத்தலையைக் கைக்குள் இறுக்கி இறுக்கித் தலைப்பிடியைப் பழகியவர். 1920களில் அவரும், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்ற மூளைக்காரரும் சேர்ந்து வலுவான அணி ஆனார்கள். நேர வரம்பு வைத்து, தரையில் உருளும் நேரத்தைக் குறைத்து, குத்துச்சண்டையின் வேகத்தையும் தூக்கி எறியும் வித்தைகளையும் கலந்து ஆட்டத்தை மாற்றினார்கள். ஒமாஹாவில் ஐந்து மணி நேரம் நழுவிக்கொண்டிருந்த அதே லூயிஸ்தான்!

சாம்பியனுக்கு முன்னால் இன்னொரு அரணும் உண்டு. ஒப்பந்தத்துக்கு ஒத்துவராத, நிஜமாகவே பலசாலியான ஒருவர் "சாம்பியனோடு மோத விடு" என்று நச்சரித்தால், "முதலில் இவரைத் தாண்டி வா" என்று ஒருவரை நிறுத்துவார்கள். அவருக்கு "போலீஸ்காரர்" என்று பெயர். நெப்ராஸ்காவின் ஜான் பெசெக் அதில் பயங்கரமானவர். கர்லியின் வட்டத்தோடு சேராமல் தனியாக நின்று சவால் விட்டுக்கொண்டிருந்த மாரின் பிளெஸ்டினாவை 1921 நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெசெக் எதிர்கொண்டார். ஜெயிப்பதற்காக அவர் வந்த மாதிரியே தெரியவில்லை. முட்டினார், கண்ணில் விரல் விட்டார். திரும்பத் திரும்ப விதியை மீறியதால் ஆட்டத்தில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். நியூயார்க்கில் ஆடவும் தடை வந்தது. ஆனால் அடிபட்டு வெளியே போனவர் பிளெஸ்டினா.

பூட்டு இல்லாத பெட்டகம்: 1925

எல்லாம் தெரிந்த லூயிஸ், சாண்டோ, மாண்ட் மூவர் அணியே ஒரு முறை தவறு செய்தது.

வெயின் மன் என்று ஒரு கால்பந்து வீரர், அமெரிக்கக் கால்பந்து. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். ஆறரை அடி உயரம். பார்த்தாலே டிக்கெட் விற்கும் உருவம். மல்யுத்தம் பெரிதாகத் தெரியாது. 1925 ஜனவரி 8 அன்று கான்சாஸ் சிட்டியில் லூயிஸ் அவரிடம் தோற்றுக்கொடுத்தார். மன் லூயிஸைத் தூக்கி வளையத்துக்கு வெளியே எறிந்தார். நாடு முழுக்கப் பேச்சு. புதிய சாம்பியனை ஊர் ஊராகக் கொண்டுபோய், வசூல் பார்த்து, பிறகு பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

ஏப்ரல் 15, பிலடெல்பியா. மன்னின் எதிராளி நமக்குத் தெரிந்தவர்தான். லண்டனில் காமாவுக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் கவிழ்ந்து கிடந்த ஸ்பிஷ்கோ. இப்போது நாற்பத்தைந்து வயதை ஒட்டிய ஆள். தோற்கத்தான் பேச்சு. ஆட்டம் தொடங்கியது. ஸ்பிஷ்கோ தோற்கவில்லை. மன்னைப் பிடித்துத் தரையில் சாய்த்தார். மன் எழுந்தார், ஸ்பிஷ்கோ மறுபடி சாய்த்தார். அந்த ஆறரை அடி மனிதருக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. பிடியை விடுவிக்கத் தெரியவில்லை. தோள் தரையில் பட்டதை அரங்கமே பார்க்கும்போது நடுவர் எப்படி மறுப்பார்? பட்டம் கைமாறியது.

மே 30 அன்று செயின்ட் லூயிஸில், டாம் பேக்ஸின் ஏரியாவில், ஸ்பிஷ்கோ அந்தப் பட்டத்தை அமைதியாக ஜோ ஸ்டெக்கரிடம் தோற்றார். லூயிஸ் அணிக்குப் போட்டியாக நின்ற கூட்டத்தின் கைக்கு இப்படித்தான் படப்பெட்டி போய்ச் சேர்ந்தது. அதே மே 30 அன்று இண்டியானா மாநிலத்தின் மிச்சிகன் சிட்டியில், பிலடெல்பியாவில் நடந்தது செல்லாது என்ற வாதத்தோடு, லூயிஸ் மன்னைத் தோற்கடித்துத் தன்னை உலக சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டார். ஒரே நாளில் இரண்டு ஊரில் இரண்டு உலக சாம்பியன்கள்.

ஒன்று கவனித்தீர்களா? ஜனவரியில் லூயிஸ் தோற்றது வொர்க். ஏப்ரலில் மன் தோற்றது ஷூட். மே மாதம் ஸ்பிஷ்கோ தோற்றது மறுபடி வொர்க். ஒரே பட்டம், ஐந்து மாதத்துக்குள் மூன்று முறை கை மாறியிருக்கிறது. இதை வைத்து "அந்தக் காலத்து மல்யுத்தம் நிஜமா, நாடகமா" என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டால் யாரால் சொல்ல முடியும்? எந்த ஆட்டம், யாருடைய ஏரியா, அன்றைக்குப் பட்டம் யார் கையில் இருந்தால் யாருக்கு லாபம், இதையெல்லாம் கேட்ட பிறகுதான் பதில் தேட ஆரம்பிக்கவே முடியும்.

ஸ்பிஷ்கோவின் கதையில் இன்னும் ஓர் ஏடு பாக்கி. 1928 ஜனவரியில் பாட்டியாலாவுக்கு வந்து, பதினேழு வருடத்துக்கும் மேலாகத் தீராமல் கிடந்த காமாவின் கணக்கைச் சந்தித்தார். இந்த முறை படுத்துக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை. ஒரு நிமிடம் ஆவதற்குள் காமா அவரை மல்லாத்திவிட்டார்.

அமெரிக்காவில் இரண்டு சாம்பியன்களும் மூன்று வருடம் தனித்தனியாகச் சுற்றினார்கள். புரமோட்டர்களுக்குள் நீண்ட பேரம். கடைசியில் 1928 பிப்ரவரி 20 அன்று, செயின்ட் லூயிஸில், லூயிஸும் ஸ்டெக்கரும் மறுபடி நேருக்கு நேர் நின்றார்கள். ஒமாஹாவில் இருட்டும் வரை பிடிகொடுக்காமல் நின்ற அதே இரண்டு பேர், பன்னிரண்டு வருடம் மூத்தவர்களாக. லூயிஸ் ஜெயித்தார், பட்டம் மறுபடி ஒன்றானது. அந்த ராத்திரி நடந்தது வொர்க்கா, ஷூட்டா என்று மல்யுத்த வரலாறு படிக்கிறவர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.